அம்மோனைட்டை நீந்த வைப்போமா?

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரைத் தாண்டிப் போனால், மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய பள்ளங்களும் மேடுகளுமாகத் தரை கிடக்கும். காவியும் மஞ்சளும் சாம்பல் நிறமும் கலந்த களிமண். மரம் செடி அதிகம் இல்லை. குனிந்து பார்த்தால், துப்பாக்கிக் குண்டு போன்ற சிறு கற்கள் கண்ணில் படும். அதிர்ஷ்டம் இருந்தால், நத்தைக் கூடு போலச் சுருண்ட ஒரு கல்லும் கிடைக்கும்.

அந்தச் சுருண்ட கல்லின் பெயர் அம்மோனைட். நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் காணப்படும் சுருளும் அம்மோனைட்டின் சுருள்தான். குண்டு போன்ற கல்லின் பெயர் பெலம்னைட். இரண்டும் ஒரு காலத்தில் கடலில் நீந்திய பிராணிகள். இன்று காரைக்குக் கிழக்கே 70 கிலோமீட்டருக்கும் அப்பால் போனால்தான் கடலைக் காண முடியும். ஆனால் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரிடேசியஸ் காலத்தில், இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் மேல் கடல் பரவியிருந்தது. அரியலூரில் சிமெண்டு செய்ய வெட்டி எடுக்கிறார்களே, அந்தச் சுண்ணாம்புக் கல்லும் அக்கடல் விட்டுச் சென்ற சொத்துதான்.

சரி, அம்மோனைட் எப்படி நீந்தியது? கல் பேசாது. கல்லில் இருப்பது ஓடு மட்டுமே. அதற்குள்ளிருந்த பிராணி, கணவாய் மீனுக்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. உயிரியல் பாடத்தில் இவற்றை மெல்லுடலிகள் என்று படித்திருக்கிறீர்கள். மெல்லிய உடல் மண்ணில் எளிதில் அழுகிவிடும். கல்லாவது மிக மிக அபூர்வம்.

ஆனாலும் தொலைக்காட்சியிலும் திரைப்படத்திலும் அம்மோனைட்டுகள் கைகளை அலைய விட்டு நீந்துவதைக் காண்கிறோம். அசையாத ஒரு படத்தை அப்படி அசைய வைப்பது எப்படி? அந்த அசைவை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

தோல்பாவையும் கணவாயும்

தோல்பாவைக் கூத்துப் பார்த்திருக்கிறீர்களா? பாவையின் தோளிலும் முழங்கையிலும் ஒரு முடிச்சு இருக்கும். குச்சியை அசைத்தால் கை அந்த முடிச்சில் மடங்கும். மேல்கையும் முன்கையும் தம்மளவில் வளைவதில்லை. எலும்புள்ள பிராணியின் படத்தை அசைக்க இந்த முறை போதும். கணவாயின் கைக்கு இது உதவாது. அதில் எலும்பும் இல்லை, மூட்டும் இல்லை. எந்த இடத்திலும் வளையும், நீளும், சுருங்கும்.

இதற்குக் கணிப்பொறியில் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், படத்தின் மேல் சில இடங்களில் ஊசி குத்துவதுபோல் புள்ளி வைத்துவிட்டு, அந்தப் புள்ளிகளை நாமே கையால் நகர்த்துகிறோம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் இதற்கு ‘பப்பட்’, அதாவது பொம்மலாட்டப் பாவை, என்றே பெயர். படத்தின் ஒரு பகுதி வளையக் கூடாது என்றால் அங்கே ‘ஸ்டார்ச்’ என்ற கருவியைப் பயன்படுத்த வேண்டும். ஸ்டார்ச் என்றால் துணிக்குப் போடும் கஞ்சி! கஞ்சி போட்ட சட்டைக் காலர் விறைத்து நிற்பதுபோல் படத்தின் அந்தப் பகுதியும் விறைத்துக் கொள்ளும்.

இந்த வழியில் அசைவு முழுவதும் ஓவியரின் கற்பனை. இரண்டாவது வழியில் நாம் அசைவை வரைவதில்லை. பொருளின் தன்மையை மட்டும் சொல்கிறோம். எப்படி அசைய வேண்டும் என்பதை இயற்பியல் விதிகள் தீர்மானிக்கின்றன. இதற்கு மெல்லுடல் இயற்பியல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். மெல்லுடலிக்கு மெல்லுடல் இயற்பியல். பெயரும் பொருந்துகிறது அல்லவா?

சுருள்வில்களால் ஆன வலை

ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் மீன் வலை போல ஒரு வலையை விரியுங்கள். வலையின் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சிறு எடை இருப்பதாகவும், முடிச்சுக்கு முடிச்சு உள்ள கயிறு ஒவ்வொன்றும் ஒரு சுருள்வில் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். படம் இந்த வலையோடு ஒட்டியிருக்கிறது. வலை நெளிந்தால் படமும் நெளியும்.

வில் எவ்வளவு இழுபடுகிறதோ அந்த அளவுக்குத் திரும்ப இழுக்கும். இரண்டு மடங்கு இழுத்தால் விசையும் இரண்டு மடங்கு. இது ஹூக் விதி. இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி இராபர்ட் ஹூக் இதை 1678-ல் வெளியிட்டார். அதே ஹூக், 1665-ல் வெளிவந்த தம் நூலில் கல்லாகிப் போன மரத்தை நுண்ணோக்கியில் பார்த்து எழுதியிருக்கிறார். சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறதே கல்மரம், அதுபோன்ற ஒன்றின் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மோனைட்டையும் அவர் விட்டு வைக்கவில்லை. அக்காலத்தில் பலர் அதை இயற்கையின் விளையாட்டு என்றும், கல்லான பாம்பு என்றும் நினைத்தார்கள். அது உயிருள்ள பிராணி ஒன்றின் ஓடு என்று ஹூக் வாதாடினார். அம்மோனைட்டின் படத்தை இன்று அசைய வைப்பதும் அவர் தந்த விதியேதான்!

வலையில் இன்னொரு நுட்பமும் உண்டு. மூங்கில் தட்டிக்குக் குறுக்கும் நெடுக்கும் மட்டும் கழி கட்டினால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மூலைவிட்டமாக ஒரு கழி கட்டினால் நிற்கும். அதுபோல வலையின் ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை இரண்டு வில்கள் வேண்டும். வரிசைக்கு 20 முடிச்சாக 20 வரிசை வைத்தால் முடிச்சுகள் 400. கிடைமட்ட வில்கள் 380, செங்குத்து வில்கள் 380, மூலைவிட்ட வில்கள் 722. ஆக மொத்தம் 1,482. சரிதானா என்று எண்ணிப் பாருங்கள்.

காகிதத்தில் ஒரு கணிப்பொறி

இந்த வலையைக் கணிப்பொறி எப்படி அசைக்கிறது? ஒரே ஒரு முடிச்சை வைத்து நாமே செய்து பார்ப்போம். பென்சிலும் காகிதமும் போதும்.

முடிச்சு தன் இடத்திலிருந்து வலப்பக்கம் 8 செ.மீ. இழுக்கப்பட்டு நிற்கிறது. இப்போது விட்டுவிடுகிறோம். கணக்கு எளிதாக இருக்க, வில்லின் வலிமையும் முடிச்சின் நிறையும் ஒன்றுக்கொன்று சமமான எண்கள் என்று கொள்வோம். அப்படியானால் 8 செ.மீ. தள்ளி இருக்கும்போது முடுக்கம் இடப்பக்கமாக 8. அதாவது −8. அரை விநாடிக்கு ஒரு தடவை கணக்கிடுவோம். விதிகள் இரண்டே:

புதிய வேகம் = பழைய வேகம் + முடுக்கம் × நேரம்
புதிய இடம் = பழைய இடம் + புதிய வேகம் × நேரம்

முதல் அரை விநாடியில் வேகம் 0 − 8 × 0.5 = −4. இடம் 8 − 4 × 0.5 = 6. அடுத்த அரை விநாடியில் முடுக்கம் −6, வேகம் −7, இடம் 2.5. அதற்கடுத்து முடுக்கம் −2.5, வேகம் −8.25, இடம் −1.6. முடிச்சு நடுவைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது! இப்படியே தொடர்ந்தால் −5.3, −7.7, −8.2 என்று போய், பிறகு −6.6 என்று திரும்பத் தொடங்கும். ஊஞ்சல் போல ஆடுகிறது. ‘ஆடு’ என்று நாம் எங்கும் சொல்லவில்லை. வில்லின் விதியை மட்டும்தான் சொன்னோம். ஆட்டம் தானாக வந்தது.

உண்மையில் மறுபக்கம் சரியாக −8 வரை போக வேண்டும். நமக்கு −8.2 வந்தது ஏன்? அரை விநாடி என்பது பெரிய படி. படியைச் சிறிதாக்கினால் பிழையும் சிறிதாகும். பெரிதாக்கினால் ஆபத்து! அரை விநாடிக்குப் பதிலாக 3 விநாடி என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். இடம் 8, −64, 440 என்று தாவும். திரையில் படம் சிதறிப் பறக்கும். மெல்லுடல் கணக்கைச் செய்பவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது இந்தப் படுகுழியில் விழுந்திருப்பார்கள்.

இதுவரை சொன்ன முடிச்சு ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். உண்மையான தசை அப்படி ஆடாது; சீக்கிரம் அடங்கிவிடும். ஒவ்வொரு படியிலும் வேகத்தை 0.9 ஆல் பெருக்கிவிடுங்கள். ஆட்டம் மெல்ல மெல்லத் தணிவதைக் காண்பீர்கள். இதற்குத் தடையுறுதல் என்று பெயர்.

ஒரு முடிச்சுக்கே இவ்வளவு வேலை. திரைப்படத்தில் விநாடிக்கு 24 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் 10 சிறு படிகள் என்றால் விநாடிக்கு 240 படிகள். நம் வலையின் 1,482 வில்களுக்கும் கணக்குப் பார்த்தால், ஒரு விநாடிக் காட்சிக்கு 3,55,680 வில் கணக்குகள்! மனிதரால் ஆகாது. கணிப்பொறிக்கு இது கண் இமைக்கும் நேர வேலை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய பாலித்தீன் பையை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கும். உள்ளிருக்கும் தண்ணீரின் பருமன் மாறாது. கணவாயின் கையும் அப்படித்தான். அதன் நீளம் இரண்டு மடங்கானால் குறுக்குப் பரப்பு பாதியாகும்; விட்டம் சுமார் 0.7 மடங்காகும். வில்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டையும் சொல்லிக் கொடுத்தால்தான் கை கையாக இருக்கும். இல்லாவிட்டால் ரப்பர் பட்டையாகிவிடும்.

வளைகின்ற, நெளிகின்ற பொருள்களை இவ்வாறு மீள்தன்மை விதிகளைக் கொண்டு கணிப்பொறியில் அசைக்கலாம் என்று விளக்கிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை ஒன்று 1987-ல் வெளிவந்தது. எழுதியவர்கள் டெமெட்ரி டெர்சோபுலோஸ், ஜான் பிளாட், ஆலன் பார், கர்ட் ஃபிளெய்ஷர் ஆகிய நால்வர். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் இதற்கு வருவோம்.

எத்தனை கைகள்?

இப்போது நம் அம்மோனைட்டை எடுத்துக்கொள்வோம். ஓடு கடினமானது, வளையாது. ஆகவே ஓட்டின் மேலுள்ள முடிச்சுகளை அசையாமல் பூட்டிவிடலாம். ஓட்டினுள் அறை அறையாகத் தடுப்புகள் இருந்தன. அறைகளில் காற்று இருந்ததால் பிராணி தண்ணீரில் மிதக்க முடிந்தது. இவையெல்லாம் கல்லிலேயே பதிந்துள்ள சாட்சிகள். ஓட்டின் வாயிலிருந்து வெளியே நீளும் கைகளுக்கு மட்டும் மெல்லுடல் வலையைப் போட வேண்டும்.

எத்தனை கைகள் வரைவது? இன்று வாழும் கணவாய்க்கு 10 கைகள். அம்மோனைட் போலவே சுருண்ட ஓட்டில் வாழும் நாட்டிலசுக்குச் சுமார் 90 சிறு கைகள் உண்டு. பெலம்னைட்டின் கைகள் பதிந்த கற்கள் ஐரோப்பாவில் கிடைத்துள்ளன, அதற்கு 10. அம்மோனைட்டின் கைகளோ முழுமையாகப் பதிந்த கல் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. 2021-ல் ஜெர்மனியிலிருந்து ஓட்டை விட்டுப் பிரிந்த அம்மோனைட் உடல் ஒன்றின் படிவம் விவரிக்கப்பட்டது. அதிலும் கைகள் இல்லை!

ஒருவர் 10 கைகளோடு படம் செய்கிறார். இன்னொருவர் 90 கைகளோடு செய்கிறார். இரண்டிலும் ஹூக் விதி சரியாக இருக்கும். கைகள் மெதுவாக அலையும், நெளியும், அடங்கும். இரண்டும் உயிருள்ளவை போலவே தோன்றும். ஆனால் இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. கணிப்பொறி பொய் சொல்லவில்லை. நாம் கொடுத்ததை வைத்துக்கொண்டு அது கணக்குப் போட்டது. அசைவு கணக்கிலிருந்து வருகிறது. கணக்குக்குள் போகும் எண்களோ சான்றுகளிலிருந்து வரவேண்டும்.

கல்லமேட்டின் பாடம்

இது ஏதோ சிறு விஷயம் என்று எண்ண வேண்டாம். 1987-க்கு மறுபடி வருவோம். அந்த ஆண்டுக்குரிய ஆய்விதழில்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரி, கே. அய்யாசாமி என்ற இருவர், அரியலூர்ப் பகுதியில் கல்லமேட்டில் கிடைத்த பெரும் எலும்புகளுக்குப் பெயர் சூட்டினார்கள். புருஹத்காயோசாரஸ் என்பது அப்பெயர். வடமொழியில் பிருஹத்காயம் என்றால் பேருடல். காலின் கீழ்ப்பகுதி எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம்! உங்கள் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் அது இரண்டு காலில் நடந்து வேட்டையாடும் இனம் என்று எழுதப்பட்டது. பின்னர் வந்த ஆய்வாளர்கள், அது நான்கு காலில் நடந்து தழை தின்ற, நீண்ட கழுத்துடைய இனம் என்று மாற்றினார்கள். 1987-லேயே அதை வைத்து யாராவது அசையும் படம் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு கால் வேட்டை மிருகம் ஒன்று அரியலூர் மண்ணில் ஓடியிருக்கும். தசை குலுங்கியிருக்கும், நாம் கைதட்டி நம்பியிருப்போம்.

இன்னும் வருத்தமான செய்தி உண்டு. அந்த எலும்புகள் இப்போது இல்லை. எளிதில் நொறுங்கும் நிலையில் இருந்த அவை, முறையாகப் பாதுகாக்கப்படுமுன்பே சிதைந்துபோயின. இதை 2017-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை உலகுக்குத் தெரிவித்தது. மிஞ்சியவை சில கோட்டோவியங்கள். வெறும் ஓவியத்தை எப்படி நம்புவது, அது எலும்பே அல்ல, கல்மரமாக இருக்கலாம் என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. தோண்டியபோது எடுத்த பழைய புகைப்படங்கள் 2022-ல் வெளியிடப்பட்ட பிறகுதான் அந்த ஐயம் பெரிதும் குறைந்தது. அதற்குப்பின் 2023-ல் வெளியான ஒரு மதிப்பீடு, அது 110 டன்னுக்கும் மேல் எடை கொண்டிருக்கலாம் என்று கூறியது. ஓர் ஆப்பிரிக்க யானை சுமார் 6 டன்.

அசையாத சில புகைப்படங்கள் ஒரு பேருயிரைக் காப்பாற்றின. அவற்றை இன்று அசைய வைக்க நினைப்பவருக்குப் பொறுப்பு எவ்வளவு பெரியது! ஓர் உதாரணம் பாருங்கள். தொங்கும் ஊசலின் நீளம் 10 மடங்கானால் அது ஒரு தடவை ஆடி வரும் நேரம் சுமார் 3.2 மடங்காகும். 40 செ.மீ. ஊசலுக்கு ஏறக்குறைய 1.3 விநாடி, 4 மீட்டர் ஊசலுக்கு 4 விநாடி. கால் வெறும் ஊசல் அல்ல. ஆனாலும் பெரிய கால் மெதுவாகவே வீசும். நாயின் கால் வீச்சையும் தசைக் குலுக்கலையும் அப்படியே இந்தப் பேருடலுக்குக் கொடுத்தால் திரையில் நிற்பது பேருடல் ஆகாது. பிளாஸ்டிக் பொம்மை ஆகும்.

சான்று இல்லாமல் மனம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கும் இதே மண்ணில் உதாரணம் இருக்கிறது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டைகள் என்று ஊரெங்கும் செய்தி பறந்தது. வல்லுநர்கள் வந்து பார்த்தார்கள். முட்டை அல்ல, அம்மோனைட்டைச் சுற்றி மண் படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள்.

நீங்களும் செய்யலாம்

பள்ளியில் கணிப்பொறி இருக்கிறதா? பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு படத்தைத் தட்டையான தாளாக அதில் கொண்டுவந்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, ‘சாஃப்ட் பாடி’ என்ற வசதியைப் பொருத்துங்கள். அதில் ‘மாஸ்’ என்பது நிறை. ‘புல்’, ‘புஷ்’ என்பவை வில் இழுபடும்போதும் அமுங்கும்போதும் காட்டும் விறைப்பு. ‘டேம்ப்’ என்பது தடையுறுதல். ‘பெண்டிங்’ என்பது வளைவதற்கு எதிர்ப்பு. ‘கோல்’ என்பதை ஓட்டுப் பகுதிக்கு 1 என்றும் கைகளுக்கு 0 என்றும் வைத்தால் ஓடு நிற்கும், கைகள் ஆடும். காகிதத்தில் நாம் போட்ட கணக்குத்தான் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

படம் முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். கீழே இரண்டு வரி எழுதுங்கள். ஓடு, சுருள், அறைகள்: கல்லில் கண்டது. கைகளின் எண்ணிக்கை, நிறம், விறைப்பு: நம் ஊகம். இந்த இரண்டு வரி இருந்தால் உங்கள் படம் விஞ்ஞானத்தோடு சேரும். இல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கையாக நின்றுவிடும்.

வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் சாத்தனூர்க் கல்மரத்துக்கும் ஆசிரியரோடு ஒரு முறை போய் வாருங்கள். காரையில் சுருண்ட கல்லைக் கண்டால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். இடம், தேதி, எந்தப் பாறையில் இருந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த மழையில் அந்தக் கல் கரைந்து போகலாம், உருண்டு போகலாம், லாரியில் ஏறிச் சிமெண்டாகவும் ஆகலாம். கல்லமேட்டில் நடந்ததைப் பார்த்தோம் அல்லவா? பிற்காலத்தில் ஒருவர் அந்தப் பிராணியைச் சரியாக நீந்த வைக்க வேண்டுமானால், அவர் கையில் இருக்கப் போவது நீங்கள் எடுத்த அந்த ஒரு படம் மட்டுமாகவும் இருக்கலாம்.